புதுச் சின்சில்லாவைப் பழையதோடு சேர்க்க எந்த வழி தேவலை?

சின்சில்லா அடர்ந்த ரோமமுள்ள ஒரு சின்னக் கொறிக்கும் பிராணி. இரண்டாவது கூண்டு வாங்க மனமில்லாதவர்கள் இரண்டாவது சின்சில்லாவை வாங்காமல் இருப்பதே மேல். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே நான் ஒப்பிடப்போகிற எல்லா வழிக்கும் அந்த இரண்டாவது கூண்டு வேண்டும், சேர்ந்தாலும் கொஞ்ச காலத்துக்கு வேண்டும், சேராவிட்டால் 15 வருடத்துக்கு வேண்டும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15, 20 வருடம் வாழ்கிற பிராணி இது, வெள்ளெலி மாதிரி இரண்டு மூன்று வருடக் கணக்கு இல்லை.

"தனியா இருந்தா ஏங்கிப்போயிடும், ஒரு ஜோடி சேர்த்துடுங்க" என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி உண்மை. சிலி நாட்டு ஆண்டிஸ் மலைச் சரிவுகளில், பாறை இடுக்குகளில், கூட்டமாக வாழ்கிற இனம்தான். ஆனால் அங்கே ஒன்றுக்கு இன்னொன்றைப் பிடிக்காவிட்டால் ஓடிப்போக மலை முழுக்க இடம் இருக்கிறது. நம் வீட்டில் இருப்பது நாலடிக் கூண்டு, அதுவும் முன்பே ஒருத்தி மூலைக்கு மூலை தன் வாசனையைப் பதித்து வைத்திருக்கும் கூண்டு. தோற்றவர் ஓட வழியில்லாத இடத்தில்தான் காது கிழிவதும், கால்விரல் போவதும், சில சமயம் உயிரே போவதும். ரோமத்துக்காக வளர்த்த பண்ணைகளில் ஒரு ஏற்பாடு உண்டு: பெண்களெல்லாம் வரிசையாகத் தனித்தனிக் கூண்டில், பின்பக்கம் ஒரு பொதுச் சந்து, அதன் வழியாக ஆண் மட்டும் எந்தக் கூண்டுக்கும் போய்வரும். பெண்கள் அந்தச் சந்துக்குள் நுழைய முடியாதபடி கழுத்தில் அகலமான காலர். ஒரு பெண் இன்னொருத்தியின் கூண்டுக்குள் போய்விட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். சின்சில்லாவில் பெண்தான் ஆணைவிடப் பெரியது, அதிகாரமும் பெண்ணுடையதே.

எந்த வழி என்பதற்கு முன்னால், யாரோடு யாரை என்பது. இதில் சுருக்கமாகவே முடித்துக்கொள்கிறேன். ஆணும் பெண்ணும் வேண்டாம். 111 நாள் கர்ப்பம், குட்டி போட்ட ஓரிரு நாளிலேயே தாய் மறுபடியும் பருவத்துக்கு வந்துவிடும், அந்தக் குட்டிகளுக்கும் வீடு தேட வேண்டும், போதாததற்கு வெல்வெட் என்கிற நிற வகையோடு வெல்வெட்டையோ, வெள்ளையோடு வெள்ளையையோ சேர்த்தால் கருவில் ஒரு பங்கு பிழைக்காது. ஆணுக்குக் கருத்தடை செய்து சேர்க்கலாம், நல்ல ஜோடியாகவும் அமையும், ஆனால் சின்னப் பிராணிகளுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகிய வெட் (கால்நடை மருத்துவர்) வேண்டும், அறுவை முடிந்த பிறகும் ஆறு வாரமாவது தள்ளி வைக்க வேண்டும், அதுவரை அது அப்பாவாகக்கூடும். ஆண் - ஆண் பெரும்பாலும் ஒத்துப்போகும், அந்த வீட்டில் பெண் வாடையே இல்லாதிருந்தால். பெண் - பெண் ஜோடியில் வளர்ந்த இரண்டைச் சேர்ப்பதுதான் இருப்பதிலேயே கஷ்டம்; பழையவள் வளர்ந்தவள், புதியவள் குட்டி என்றால் வாய்ப்பு அதிகம். கடையில் "ரெண்டும் பொண்ணுதான்" என்று சொன்னால் நம்பி வந்துவிடாதீர்கள். பெண்ணுக்குச் சிறுநீர் வரும் இடம் கூம்பு மாதிரி துருத்திக்கொண்டிருக்கும், பார்த்தால் ஆண்குறி போலவே தெரியும். பார்க்க வேண்டியது இடைவெளியை: அந்தக் கூம்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவே வெறும் தோல் நன்றாகத் தெரிந்தால் ஆண், இரண்டும் ஒட்டினாற்போல் இருந்தால் பெண். சந்தேகமிருந்தால் வெட்டிடம் காட்டுங்கள்.

அப்புறம் தனிமைப்படுத்தல். இது ஒப்பீட்டில் வராது, இதற்கு மாற்று கிடையாது. புதியது வந்ததும் குறைந்தது இரண்டு வாரம், முடிந்தால் நாலு வாரம், வேறு அறை. படர்தாமரைப் பூஞ்சை வெளியே ஒன்றும் தெரியாமலே ரோமத்தில் ஒளிந்திருக்கும், ஜியார்டியா என்கிற குடல் ஒட்டுண்ணி எச்சத்தின் வழியாகப் பரவும். பழையதைக் கவனித்து முடித்துவிட்டு அப்புறம் புதியது, கை கழுவல், தூசிக் குளியல் கிண்ணம் (இவை தண்ணீரில் இல்லை, மெல்லிய தூசியில் புரண்டுதான் குளிக்கும்) தனித்தனி. சென்னையிலோ கோலாலம்பூரிலோ இருப்பவர்களுக்கு இங்கேதான் சிக்கல்: 25 டிகிரிக்கு மேல் போனாலே இவற்றுக்கு ஆபத்து, புழுக்கமும் சேர்ந்தால் அதற்குக் கீழேயே ஆபத்து, ஆகவே வேறு அறை என்றால் வேறு ஏசி அறை என்று அர்த்தம், இரவும் பகலும் ஓடுகிற ஏசி. அந்தக் கரண்ட் பில்லையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு முடிவெடுங்கள்.

சரி, வழிகளுக்கு வருவோம். ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், ஆனால் உரசிப் பார்த்தால் நாலுதான்: பக்கத்துப் பக்கத்துக் கூண்டு, பொது இடத்தில் சந்திப்பு, பெரிய கூண்டுக்குள் சின்னக் கூண்டு, சின்னப் பெட்டியில் இரண்டையும் அடைப்பது.

கடைசியிலிருந்து தொடங்குகிறேன், அதைப் பற்றித்தான் வளர்ப்பவர்களுக்குள் சண்டை அதிகம். ஆங்கிலத்தில் வளர்ப்பவர்கள் ஸ்மூஷிங் என்பார்கள். பூனைக்குட்டியைத் தூக்கிப்போகிற அளவுக் கேரியரில் இரண்டையும் திணித்து, கொஞ்சம் புல்லும் தண்ணீரும் வைத்து, சில மணி நேரமோ ஓர் இரவோ விட்டுவிடுவது. சிலர் அதைக் காரில் வைத்து ஊரையே ஒரு சுற்று சுற்றுவார்கள், பயத்தில் ஒன்றையொன்று ஒட்டிக்கொள்ளுமாம். ஒட்டிக்கொள்ளத்தான் செய்கின்றன. அது சிநேகம் என்று எனக்குத் தோன்றவில்லை, நடுங்குகிற இரண்டு பிராணிகளுக்கு அந்தப் பெட்டியில் வேறு பிடிமானம் இல்லை. பலருக்கு ஒரே மாலையில் வேலை முடிந்திருக்கிறது, அதை மறுக்கவில்லை. முடியாதவர்களின் கதை வேறு: திரும்பக்கூட இடமில்லாத இடத்தில் கடி விழுந்தால் நாம் மூடியைத் திறப்பதற்குள் என்ன வேண்டுமானாலும் ஆகிவிடும். அதோடு சூடு. ஒரே மயிர்க்காலிலிருந்து ஐம்பதுக்கும் மேல் இழை முளைக்கிற ரோமம் இது, அப்படி இரண்டு உடம்பைக் காற்றோட்டம் குறைந்த பெட்டியில் போட்டால் உள்ளே எப்படியிருக்கும் என்று யோசியுங்கள். குளிர்ந்த ஊரில், பல வருடம் இதையே செய்துவரும் மீட்பு இல்லக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்து செய்தால் அது அவர் பொறுப்பு. முதல் தடவை செய்கிறவர்களுக்கு, அதுவும் வெப்ப நாட்டில், வேண்டவே வேண்டாம் என்பேன்.

கூண்டுக்குள் கூண்டு என்பது பழையதன் பெரிய கூண்டுக்குள்ளேயே புதியதைச் சின்னக் கூண்டோடு வைப்பது. இடம் மிச்சம் என்பதைத் தவிர இதில் எனக்கு ஒரு நன்மையும் தெரியவில்லை. பழையவள் தன் வீட்டு நடுக்கூடத்தில் வந்து உட்கார்ந்த அந்நியர் என்றுதான் அதைப் பார்ப்பாள். மேலே ஏறி நின்று கம்பி வழியாகச் சிறுநீர் பீய்ச்சுவாள், உள்ளே இருப்பதற்கு நகர இடம் இருக்காது. கம்பியில் கால் வைத்தால் விரலில் கடி. கால்விரல் போகிற கதைகளில் பாதி இங்கே பிறந்தவை.

ஆக நிஜமான போட்டி மற்ற இரண்டுக்கும்தான், அவையும் எதிரெதிர் இல்லை, ஒன்று முடிந்து மற்றது. இருந்தாலும் பலர் முதலாவதைத் தாண்டிக் குதித்து நேரே இரண்டாவதுக்குப் போகிறார்கள், அதனால் தனித்தனியாகவே பார்க்கலாம்.

பக்கத்துப் பக்கத்துக் கூண்டு சோம்பேறித்தனமான வழி போலத் தெரியும். தனிமைப்படுத்தல் முடிந்ததும் இரண்டு கூண்டையும் ஒரே அறையில், முதலில் எட்டத்தில், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, கடைசியில் நாலு விரற்கடை இடைவெளியில் நிறுத்துவது. அந்த இடைவெளி கட்டாயம், மூக்கு நீளலாம், பல் எட்டக் கூடாது. இடம் குறைந்த ஃபிளாட்டில் இருப்பவர்கள் ஒரே பெரிய கூண்டை நடுவில் இரட்டை வலை அடித்து இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம், வலைக்கும் வலைக்கும் நடுவே அதே இடைவெளி விட்டு. சில நாள் போனதும் பொருள் மாற்றம்: இதன் மரவீட்டை அதற்கு, அது புரண்ட தூசிக் கிண்ணத்தை அப்படியே இதற்கு. பிறகு கூண்டையே மாற்றிப் போடுவது, இன்றிரவு இது அதில், அது இதில். வாசனை பழகிவிட்டால் ஆள் அந்நியமில்லை. மூக்கில் வெனிலா எசென்ஸ் தடவச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். அது வாசனையைப் பழக்குவதில்லை, மறைக்கிறது, நக்கித் தீர்த்ததும் மறுபடியும் அந்நியர்தான்.

இந்த வழியின் பெரிய நன்மை, முடிவு அவர்கள் கையில் இருக்கிறது. நாம் பார்க்க வேண்டியதெல்லாம் கம்பியோரம். முதல் வாரத்தில் பழையவள் பின்னங்காலில் எழுந்து நின்று, காதைப் பின்னால் படியவிட்டு, பல்லைக் கடகடவென்று ஆட்டி, குறி தவறாமல் எதிர்க் கூண்டுக்குள் ஒரு பீய்ச்சு பீய்ச்சுவாள். நடுவில் நீங்கள் இருந்தால் உங்கள் முகத்தில். இது கெட்ட சகுனம் இல்லை, அறிமுகம். போகப்போக அது குறைகிறதா என்பதுதான் கேள்வி. குறைந்து, இரண்டும் அந்தக் கம்பியோரத்திலேயே முதுகைச் சாய்த்துத் தூங்க ஆரம்பித்தால், குருவி மாதிரி மெல்லிய குரல் கேட்டால், அடுத்த கட்டத்துக்குப் போகலாம். வாரக்கணக்கில் குறையவே இல்லை, ஒன்று எந்நேரமும் தூர மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறது என்றால் அதுவும் பதில்தான். சமையலறைத் தராசில் வாரம் ஒரு தடவை இரண்டையும் நிறுத்துப் பாருங்கள். 500 கிராம் பிராணி 50 கிராம் இழந்தால் உடம்பில் பத்தில் ஒன்று போய்விட்டது, அப்படிப் போக விடவே கூடாது. சின்சில்லா சாப்பிடுவதை நிறுத்தினால் குடலும் நின்றுவிடும், அதற்கு வெட் அன்றைக்கே வேண்டும், நாளைக்கு இல்லை.

குறை என்னவென்றால் நேரம். "அக்கா, ஒரு மாசமா பக்கத்துல பக்கத்துல வெச்சிருக்கேன், இன்னும் எத்தனை நாள்?" என்று கேட்பார்கள். சில ஜோடிக்கு ஒரு வாரம், சில ஜோடிக்கு ஆறு மாதம், இதற்கு மேல் யாராலும் சொல்ல முடியாது. அவசரப்படுகிறவருக்கு இந்த வழி ஒத்துவராது. ஆனால் அவசரம் நமக்குத்தான், அவற்றுக்கு இல்லை.

பொது இடத்தில் சந்திப்பு என்றால், இரண்டுக்கும் சொந்தமில்லாத தரை. குளிர்ந்த ஊரில் பாத்ரூம் போதும்: ஈரம் துடைத்து, கழிவறை மூடியை இறக்கி, பக்கெட், சோப்பு எல்லாம் வெளியே. வெப்பமான ஊரில் பாத்ரூமுக்கு ஏசி கிடையாது, ஆகவே ஏசி அறையிலேயே ஒரு மூலையில் தடுப்பு வேலி கட்டிக்கொள்ளுங்கள், உயரமான வேலி, இவை தாவுகிற உயரத்தைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். பழையவள் தினமும் ஓடியாடுகிற இடம் பொது இடம் ஆகாது. உள்ளே வைக்கிற அட்டைப்பெட்டிக்கும் குழாய்க்கும் இரண்டு வாசல் வேண்டும், ஒரே வாசல் வீடு என்றால் உள்ளே போனது மாட்டிக்கொள்ளும். நடுவில் பெரிய கிண்ணத்தில் தூசி. தூசியைக் கண்டால் பகையைக்கூடக் கொஞ்சம் ஒத்திப்போடும், ஒன்று புரண்டு எழுந்த இடத்தில் மற்றது போய்ப் புரளும், இரண்டின் மேலும் ஒரே வாசனை ஏறும். நீங்களும் உள்ளேயே, தரையில், மடியில் கனமான துண்டோடு உட்கார வேண்டும், கதவோரம் நின்று போன் பார்த்துக்கொண்டு இல்லை.

முதல் தடவை 10, 15 நிமிடம் போதும். துரத்தல் நடக்கும். ஒன்றன்மேல் ஒன்று ஏறும், பெண்மேல் பெண்ணும் ஏறும், அது காமம் இல்லை, யார் பெரியவர் என்ற பேச்சு. கொஞ்சம் ரோமம் உதிரும். இதற்கெல்லாம் பாய்ந்து பிரித்தால் அந்தப் பேச்சு முடியவே முடியாது, அடுத்த நாள் முதலிலிருந்து தொடங்கும். எப்போது பிரிக்க வேண்டும்? ஒன்று விட்டுக்கொடுத்துக் கத்திக்கொண்டு ஓடியும் மற்றது விடாமல் துரத்தினால். காற்றில் ரோமம் கொத்துக்கொத்தாகப் பறந்தால். இரண்டும் ஒரே பந்தாக உருண்டால் யோசிக்கவே வேண்டாம். அப்போது வெறுங்கையை நடுவில் விடாதீர்கள், துண்டை மேலே போடுங்கள், அல்லது குப்பைமுறத்தை நடுவே இறக்குங்கள். பிரித்த பிறகு ரோமத்தை விரலால் விலக்கித் தோல்வரை தடவிப் பார்க்க வேண்டும், அடர்த்திக்குள் கடிவாய் தெரியாது, சில நாள் கழித்துச் சீழ்கட்டியாக வரும். ரத்தம் வந்திருந்தால் அடுத்த சந்திப்பு நாளைக்கு இல்லை, மறுபடியும் பக்கத்துக் கூண்டு, சில வாரம்.

பக்கத்துக் கூண்டைத் தாண்டி நேரே இங்கே வருபவர்களுக்கும் சில சமயம் பலிக்கிறது, குறிப்பாகப் புதியது எட்டு, பத்து வாரக் குட்டி என்றால். அதையே நம்பி, வளர்ந்த இரண்டு பெண்களையும் அப்படி விட்டால் நடக்கிற சண்டையை அவர்கள் பிறகு மறப்பதே இல்லை. மெதுவான வழி பலிக்காவிட்டால் பழைய இடத்திலேயே நிற்கிறோம், அவசர வழி பலிக்காவிட்டால் இருந்த இடத்தைவிடக் கீழே போகிறோம். என் கணக்கில் இந்த ஒன்றுக்காகவே பக்கத்துக் கூண்டு ஜெயித்துவிடுகிறது.

பல நாள் சந்திப்பு அமைதியாகப் போய், ஒன்று மற்றதன் தாடையடியையும் காதோரத்தையும் கோதிவிட ஆரம்பித்த பிறகுதான் ஒரே கூண்டு. எந்தக் கூண்டு என்றால், புதிதாக ஒன்று வாங்க முடிந்தால் அது. இல்லாவிட்டால் பழையதையே வினிகர் தண்ணீரால் கழுவி, பலகை, ஊஞ்சல், புல் தொட்டி எல்லாவற்றையும் இடம் மாற்றிப் போடுங்கள், பழையவளுக்கே தன் வீடு அடையாளம் தெரியக் கூடாது. தண்ணீர்ப் புட்டி இரண்டு, புல் இரண்டு இடத்தில், ஒளிய இரண்டு வீடு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாசல். முதல் இரவு விடுமுறைக்கு முந்தின இரவாக இருக்கட்டும், உங்கள் படுக்கையும் அந்த அறையிலேயே. யாராவது ஒருவர் தண்ணீர்ப் புட்டியை மறித்துக்கொண்டு நிற்கிறாரா என்று பாருங்கள், சத்தமில்லாத சண்டை அதுதான், ரோமம் பறக்காது, எடை மட்டும் இறங்கும்.

ஐந்தாவதாக ஒரு வழி இருக்கிறது, அதை யாரும் வழி என்றே சொல்வதில்லை: சேர்க்காமலே விடுவது. இரண்டு கூண்டு, ஒரே அறை, முறைவைத்து வெளியே ஓடவிடுவது. பழையது வயதானது, அல்லது முன்பு ஒரு துணையைக் கடித்தது, அல்லது மாதக்கணக்கில் முயன்றும் பல்லாட்டம் நிற்கவில்லை என்றால் நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். இரவில் ஒன்று குரல் கொடுத்தால் மற்றது பதில் கொடுக்கும், பார்க்கலாம், முகரலாம், யாருக்கும் காது கிழியாது. செலவு கூடத்தான். ஒரு சண்டைக்கு வெட் போடுகிற தையலுக்கும் மருந்துக்கும் ஆகிற பணத்தில் கூண்டே வாங்கிவிடலாம்.

சேர்ந்துவிட்ட ஜோடியும் பிரியலாம், இரண்டாவது கூண்டை உடனே விற்றுவிடாதீர்கள். பெரும்பாலும் இது வெட்டிடம் போய்வந்த அன்று நடக்கும்: ஒன்றை மட்டும் கூட்டிப்போனால் அது ஆஸ்பத்திரி வாடையோடு திரும்பும், வீட்டிலிருப்பதற்கு அது யாரோ. அதனால் ஒன்றுக்குத்தான் உடம்பு சரியில்லை என்றாலும் இரண்டையும் கூட்டிப் போங்கள். ஒன்றை அங்கேயே ஓர் இரவு வைத்துக்கொள்ள நேர்ந்தால், அது தெளிந்து திரும்பியதும் நேரே கூண்டுக்குள் விடாமல் பக்கத்துக் கூண்டில் வைத்து, தூசிக் கிண்ணத்தை இரண்டுக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்து, பழகியபின் சேருங்கள்.